மீதமிருக்கும் கால் மணி நேரம்

ஆறாம் வகுப்பு, கணக்கு பீரியட். போர்டில் பின்னக் கூட்டல் பத்துக் கணக்கு. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் நான்கே நிமிடத்தில் பத்தையும் போட்டுவிட்டான். விடைகள் சரி, செய்முறையைத்தான் எழுதவில்லை. மற்றவர்கள் முடிக்க இன்னும் கால் மணி நேரம் ஆகும். அதற்குள் பக்கத்திலிருப்பவனின் ஜாமெட்ரி பாக்ஸை ஒளித்துவைப்பான், பெஞ்சில் தாளம் போடுவான், தண்ணீர் குடிக்க இரண்டு முறை எழுந்து போவான். "மூளை இருக்கு, அடக்கம்தான் இல்லை" என்பார்கள் ஸ்டாஃப் ரூமில். சேட்டை அவனுடைய குணம் என்று முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு அந்தக் கால் மணி நேரத்தின் மேல்தான் சந்தேகம்.

முதலில் அவன் ஓரிடத்தில் உட்காராமல் ஆடிக்கொண்டே இருப்பதைப் பார்ப்போம். மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்க் ராப்போர்ட்டின் குழு, 8 முதல் 12 வயதுப் பையன்களைச் சுழல்நாற்காலியில் உட்காரவைத்து ஒரு வேலை கொடுத்தது. கலைந்து கிடக்கும் எண்களையும் ஓர் எழுத்தையும் மனதில் வாங்கி, எண்களை வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டு எழுத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். 2015-இல் வந்த முடிவு இது: ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பையன்கள், அதிகம் அசைந்தபோது நன்றாகச் செய்தார்கள். மற்ற பையன்களுக்கோ அசைவு கூடக்கூட மதிப்பெண் குறைந்தது. அந்தக் குழுவின் விளக்கம், அசைவு இவர்களை விழிப்பாக வைத்திருக்கிறது என்பது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது நாம் காலை ஆட்டிக்கொள்வோமே, கிட்டத்தட்ட அதுபோல. அப்படியானால் "ஆடாமல் உட்கார்" என்று சொல்லும்போது யோசிப்பதையும் சேர்த்தே நிறுத்தச் சொல்கிறோமோ என்னவோ.

மூளை வளர்ச்சியிலும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-இல் குழந்தைகளின் மூளைப் படங்களை ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை அதிகபட்சத் தடிமனை எட்டும் வயதின் நடுமதிப்பு (மீடியன்) மற்ற குழந்தைகளுக்கு 7.5. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு 10.5. இந்தத் தாமதம் அதிகம் தெரிந்தது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில், அதாவது நம்முடைய பிரேக் இருக்கும் இடத்தில். உடலசைவை இயக்கும் பகுதியோ அவர்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே முதிர்ந்திருந்தது. கணக்கில் வயதை மிஞ்சியவன் தன்னை அடக்குவதில் தம்பி வயதில் இருக்கலாம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதில் முரண் எதுவும் இல்லை.

சேட்டை செய்கிற எல்லாப் பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி. இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், 12 வயதுக்கு முன்பிருந்தே அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். கணக்கு பீரியடில் மட்டும் ஆடுகிறான், மற்ற நேரமெல்லாம் சரியாக இருக்கிறான் என்றால் பிள்ளையைவிட அந்த பீரியடைத்தான் ஆராய வேண்டும்.

எப்படி ஆராய்வது? ஒரு வாரம் நோட்டில் மூன்று விஷயம் குறியுங்கள்: சேட்டைக்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அடுத்து அவனுக்கு என்ன கிடைத்தது. பல நேரம் மூன்றாவதில்தான் விடை இருக்கும். சலித்துப்போன பிள்ளையை "வெளியே நில்" என்று அனுப்பினால் அவனுக்குக் கிடைப்பது விடுதலை, கூடவே வராந்தாவில் வேடிக்கை. நாளைக்கும் அதையே செய்வான். நம் கண்ணுக்கு அது தண்டனை, அவனுக்குப் பரிசு.

பரிசு பற்றி 1963-இல் வெளிவந்த ஓர் ஆய்வை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு உற்சாகம் வரும். அமெரிக்காவில் லாயிட் ஹோம் என்ற உளவியலாளரிடம் மூன்று வயதுக் குழந்தைகள் மூன்று பேர். உட்காரச் சொன்னால் ஓடுவார்கள், கத்துவார்கள், நாற்காலியைத் தள்ளுவார்கள். பிள்ளைக்கு எது அதிகம் பிடிக்குமோ அதையே பிடிக்காத வேலைக்குப் பரிசாக்கலாம் என்பது டேவிட் பிரிமாக் என்ற இன்னொரு உளவியலாளரின் கொள்கை. ஹோம் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். சிறிது நேரம் அமைதியாக உட்கார்ந்து போர்டைப் பார்த்தால் மணி அடிக்கும், "ஓடுங்கள், கத்துங்கள்" என்று உத்தரவு வரும். குழந்தைகள் துள்ளி எழுந்து கத்திக்கொண்டே ஓடுவார்கள். இன்னொரு சைகையில் திரும்ப உட்காருவார்கள். குப்பைத்தொட்டியை உதைப்பது, சக்கரம் வைத்த நாற்காலியில் ஆய்வாளரையே உட்காரவைத்துத் தள்ளுவது எல்லாம் அப்புறம் பரிசுப் பட்டியலில் சேர்ந்தன. அடியும் அதட்டலும் இல்லாமல் சில நாட்களிலேயே வகுப்பு கட்டுக்குள் வந்தது. நம் வகுப்பில் ஓடிக் கத்த வேண்டாம். நோட்டுகளைச் சேகரிப்பது, போர்டு அழிப்பது, ஆபீஸுக்குச் சீட்டு கொண்டுபோவது போதும்.

ஆனால் அசைவு மட்டும் போதாது, அந்தக் கால் மணி நேரத்தில் யோசிக்க ஏதாவது வேண்டும். கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தை ஆசிரியர்கள் நீக்கிவிட்டார்கள். 40 முதல் 50 சதவீதம் வரை நீக்கியும் தேர்வில் அவர்கள் பின்தங்கவில்லை. வகுப்பில் பாதி நேரம் தெரிந்ததையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே இதற்குப் பொருள்?

35 பேர் உள்ள வகுப்பில் ஒருவனுக்காகத் தனிப்பாடம் எழுத முடியாது, உண்மைதான். பத்தில் மிகக் கடினமான இரண்டை முதலில் போடச் சொல்லலாம். அவை சரியென்றால் மீதி எட்டை விட்டுவிடலாம். அதே மாதிரிக் கணக்கை இன்னும் பத்து கொடுக்காதீர்கள், வேகமாக முடித்ததற்கு அது அபராதம். தினமும் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பதும் வேண்டாம், இவனும் படிக்கத்தானே வந்திருக்கிறான். இன்னொன்று, "ஒழுங்காக இருந்தால்தான் கஷ்டமான கணக்கு தருவேன்" என்று நிபந்தனை போடுவது தலைகீழ். அந்தக் கணக்கு இல்லாததால்தான் அவன் ஒழுங்காக இல்லை.

பின்னக் கூட்டல் நடக்கும் அன்று இதைக் கொடுத்துப் பாருங்கள்: அரையோடு கால், அதோடு அரைக்கால், அப்புறம் அதில் பாதி, இப்படியே கூட்டிக்கொண்டு போனால் எப்போதாவது ஒன்றைத் தாண்டுமா? பெஞ்சில் உட்கார்ந்துதான் யோசிக்க வேண்டும் என்பதில்லை. போர்டின் ஓரத்தில் ஒரு சாக்பீஸோடு நின்றுகொண்டே போடட்டும்.