தோட்டாவுக்கு இருக்கும் கணக்கு பணத்துக்கு ஏன் இல்லை?

சங்கங்களின் வரவு செலவைத் தணிக்கை செய்வது என் தொழில். இந்த ஆண்டும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பின் பொருளாளர் கலங்கிப்போய் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு காசும் எடுத்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

தோட்டா இருப்புப் பதிவேடு மட்டும் அப்பழுக்கில்லாமல் இருந்தது. உரிமம் போய்விடுமே என்ற பயம்! அதன்படி உறுப்பினர்களுக்குக் கொடுத்தது 40 பெட்டி .22 (சிறிய ரகத்) தோட்டா. ரசீதுப் புத்தகத்திலோ 31 பெட்டிக்குத்தான் பணம் வரவு. பெட்டிக்கு 50 தோட்டா வீதம், மீதி 9 பெட்டியின் 450 தோட்டாவுக்கான பணம் எங்கே? "புதிதாகப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தோம் சார். சிலர் பிறகு தருவதாகச் சொன்னார்கள்." இருக்கலாம். எங்கே எழுதிவைத்திருக்கிறீர்கள்?

உடனே அந்தப் பழைய பதில் வரும்: "நாங்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. எல்லோரும் நம்மவர்கள். எதற்கு இந்தக் கெடுபிடி?" கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சம்பளம் வாங்காமல் உழைப்பவருக்குத்தான் ரசீது அதிகம் தேவை. அவருக்கு இதில் கிடைப்பது நல்ல பெயர் ஒன்றுதான்; பழி வந்தால் போவதும் அதுதான். கணக்குக் கேட்பதைச் சந்தேகப்படுவதாக நினைக்கிறார்கள். பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்கும்போது, அந்த நம்மவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் பொருளாளருக்காகப் பேசக்கூடியது ரசீதுப் புத்தகம் மட்டும்தான். அது இல்லாததால் சொந்தப் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு ஒதுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

வங்கி இருப்பைப் பார்த்தும் மயங்காதீர்கள். ஆண்டுச் சந்தா மொத்தமாக வந்து சேரும் மாதத்தில் எந்த கிளப்பும் செழிப்பாகத்தான் தெரியும். அது ஆண்டு முழுவதுக்குமான வாடகையும் காப்பீடும். குண்டு தடுக்கும் மேட்டில் சேரும் ஈயத்தை ஒருநாள் முறைப்படி அகற்றியாக வேண்டும். காற்றுத் துப்பாக்கியின் சிலிண்டர் காலாவதியாகும். இவற்றுக்கு இப்போதே தனியாக ஒதுக்குங்கள்.

கிளப் பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. வங்கியில் இரண்டு பேர் கையெழுத்து கட்டாயம். தோட்டா அலமாரியின் சாவியும் பணப்பெட்டியின் சாவியும் ஒரே ஆளிடம் வேண்டாம். மாதம் ஒருமுறை, பொருளாளர் அல்லாத ஒருவர் தோட்டாப் பதிவேட்டையும் ரசீதுகளையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கட்டும். அரை மணி நேர வேலைதான். இலவசமாகக் கொடுத்தால் 'இலவசம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

உறுப்பினர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை வாங்குங்கள்.