ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் யாரைக் கேட்பது?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் பல வீடுகளுக்கு இணையம் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த ஒயரில்தான் வருகிறது. மாதாமாதம் கையில் காசு, ரசீது கிடையாது. புகார் என்று கிளம்பினால் முதலில் இடிப்பது இதுதான். சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது உரிமம் பெற்ற நிறுவனம். கேபிள்காரர் அதன் முகவர். நிறுவனத்தின் பெயர், வாடிக்கையாளர் எண், உங்கள் பெயரில் பில் மூன்றையும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

உரிமை என்ன? எந்தத் தளம், எந்த ஆப் என்று பார்த்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் போடக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி செய்தது. மீறும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். ஒன்றைத் தடுப்பது, மந்தமாக்குவது, இன்னொன்றை முந்த விடுவது ஆகியவற்றைத் தொலைத்தொடர்புத் துறை 2018-ல் தடை செய்தது. அன்றாட டேட்டா தீர்ந்தபின் எல்லாமே மந்தமானால் அது மீறல் அல்ல, பிளான் அப்படி. குறிப்பிட்ட ஒன்று மட்டும் மந்தமானால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோதிப்பது எளிது. மோடத்திலிருந்து ஒயர் போட்டு வேகம் பாருங்கள். வைஃபையில் பார்த்தால் சுவரின் குற்றமெல்லாம் நிறுவனத்தின் தலையில் விழும். ஃபாஸ்ட் டாட் காம் என்ற சோதனை நெட்ஃப்ளிக்ஸின் சர்வர்களிலிருந்தே அளக்கிறது. அதில் எண் எப்போதும் குறைவாகவும் வேறு சோதனையில் சரியாகவும் வந்தால், பல நாள், பல நேரம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒருநாள் அளவு எதையும் நிரூபிக்காது. மாலை நெரிசலிலும் அப்படி ஆகும்.

தளமே திறக்காவிட்டால் மோடத்தில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். திறந்தால் கோளாறோ தடையோ அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. வேறு சிம்மில் திறக்கிறது என்பதால் மட்டும் அரசுத் தடை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே உத்தரவை எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி நிறைவேற்றுவதில்லை.

நிறுவனத்தின் கோளாறு என்றால் கஸ்டமர் கேரில் புகார் எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள். தீர்வு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்குத் தனிநபர் புகார் அனுப்பிக் காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. அது தனிப் புகார்களைத் தீர்ப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் தளமான பிஜி போர்ட்டல் வழியே எழுதலாம். அதற்கும் மேல் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு: நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தொலைத்தொடர்பு வழக்கை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது.

அரசு தடுத்த தளம் வேறு கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவு நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, நட்பு நாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே இடம் தருகிறது; அவதூறு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அந்தப் பிரிவின் கீழ் 2009-ல் வந்த தடை விதிகளில் 16-வது ரகசியம் காக்கச் சொல்வதால் தகவல் உரிமை (ஆர்டிஐ) மனுவுக்குப் பெரும்பாலும் மறுப்பே வரும். மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

2018 மே மாதம் தூத்துக்குடியில் நடந்ததைப் போல ஊருக்கே இணையத்தை நிறுத்தினால், உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓர் உத்தரவு 15 நாளைத் தாண்டக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது அந்த உத்தரவின் நகலை.