"பார்க்கத்தான் போனேன், சார்"

எலும்பு உடைந்து ஓய்வில் இருக்கும்போதே பைக் பந்தயத்துக்குப் போய்விட்டு, இந்த வருஷம் என் கிளினிக்கில் இதே வார்த்தையைச் சொன்ன மூன்றாவது ஆள் இவன். ஓசூர் பக்கத்துப் பையன், வயது இருபத்திரண்டு. டர்ட் பைக் (மண் ட்ராக்கில் ஓட்டும் பைக்) பயிற்சியில் விழுந்து இடது காறை எலும்பு, அதாவது கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் எலும்பு, உடைந்து வந்தான். முதல் எக்ஸ்ரேயில் எலும்பு விலகவே இல்லை. ஆபரேஷன் வேண்டாம், ஆர்ம் பவுச் (கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் பை) போட்டுக்கொண்டு பொறுமையாக இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். சரியாக இருபத்தைந்தாவது நாள், ஒரு திங்கட்கிழமை காலையில், உடைந்த பக்கத்து முழங்கையை மறு கையால் தாங்கிப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தான்.

முந்தின நாள் இவன் போன பந்தயத்தில் நானும் இருந்தேன். ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம், மேடும் பள்ளமும் வெட்டிய செம்மண் ட்ராக்கில் பந்தயம். முதலுதவிக் கூடாரத்தில் எனக்கு டூட்டி. கயிற்றுக்குப் பின்னால் இவன் நின்றதைப் பார்த்தேன். பவுச் கழுத்தில் தொங்கியது, கை அதற்குள் இல்லை. ஒவ்வொரு வண்டி ஜம்ப்பில் ஏறும்போதும் இவனுடைய வலது மணிக்கட்டு தானாகத் திரும்பியது, ஆக்ஸிலரேட்டர் முறுக்குவது போல. இடது பாதம் கியரைத் தேடித் தரையை மிதித்தது. உடம்பு இங்கே, மனசு முழுக்க ட்ராக்கில். கூப்பிட்டுக் கையை உள்ளே போடச் சொன்னேன், போட்டான். பந்தயம் முடிந்து நாங்கள் கிளம்பிய பிறகு நண்பனிடம் சாவி வாங்கி, ஒரே ஒரு ரவுண்டு. விழக்கூட இல்லை. சின்ன ஜம்ப்பில் இறங்கும்போது ஹேண்டில் ஒருமுறை வெடுக்கென்று திருகியிருக்கிறது, அவ்வளவுதான். புது எக்ஸ்ரேயில் உடைந்த இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இப்போது ஆபரேஷன் செய்து பிளேட், அதாவது உலோகத் தகடு, வைக்க வேண்டும்.

ஏன் ஏறினாய் என்று கேட்டேன். "வலியே இல்லை சார், சேர்ந்துடுச்சுன்னு நெனச்சேன்."

எனக்கு ஆற்றாமையாக வருவது இந்தப் பதிலைக் கேட்டுத்தான். வலி போவதும் எலும்பு சேர்வதும் ஒன்றல்ல. உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும். இரண்டு மூன்று வாரத்தில் அங்கே ரப்பர் போன்ற இளந்திசு உருவாகி முனைகளைப் பிடித்துக்கொள்ளும். முனைகள் உரசுவது நின்றதும் வலியும் குறைந்துவிடும். ஆனால் பிடித்திருப்பது எலும்பு அல்ல, பசைதான்! அதில் சுண்ணாம்புச் சத்து ஏறி எலும்பாக இறுக, பெரியவர்களுக்குக் காறை எலும்பில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வீட்டுக்குத் தளம் போட்டவர்களுக்கு இது புரியும். மறுநாளே மேலே நடக்கலாம், தளம் கெட்டியாகத்தான் இருக்கும். அதற்காக அன்றைக்கே சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொல்வீர்களா? மேஸ்திரி சொன்னால் கேட்கிறீர்கள், நான் சொன்னால் மட்டும் "வலி இல்லையே சார்".

டர்ட் பைக்கில் உட்கார்ந்து ஓட்டுவதைவிட நின்று ஓட்டுவதுதான் அதிகம். ஜம்ப்பிலிருந்து இறங்கும் அடி ஹேண்டில் வழியாக மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறி வரும். கைக்கும் மார்புக்கும் நடுவே எலும்பால் ஆன ஒரே இணைப்பு இந்தக் காறை எலும்புதான்.

பிளேட் போட்டவர்கள் இன்னும் தைரியமாக வருகிறார்கள். பிளேட் என்பது எலும்பு சேரும் வரை தாங்குகிற முட்டு மட்டுமே. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? மோட்டோ ஜிபி பைக் பந்தய சாம்பியன் மார்க் மார்க்கெஸ் கதை பைக் பிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 ஜூலை 19 அன்று ஸ்பெயினின் ஹெரெஸ் பந்தயத்தில் வலது மேற்கை எலும்பு உடைந்தது. 21ஆம் தேதி பிளேட் வைத்தார்கள். 25ஆம் தேதி மறுபடி பைக்கில் ஏறிப் பார்த்தார். சில நாளில், வீட்டில் ஒரு கதவைத் தள்ளித் திறக்கும்போது அந்த பிளேட் போய்விட்டது. ஆகஸ்டில் இரண்டாவது ஆபரேஷன், டிசம்பரில் மூன்றாவது. அந்த சீசன் முழுவதும் அவர் பந்தயத்துக்குத் திரும்பவே இல்லை. உலகத்தரமான மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்த மனிதருக்கே இந்த நிலை.

இடையில் ஒன்று. விழுந்த பிறகு கட்டைவிரல் அடியில் உள்ள குழியை அழுத்தினால் வலிக்கிறதா? சுளுக்கு என்று நீவி விடாதீர்கள். அங்கேயுள்ள சின்ன எலும்பின் உடைவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

பந்தயம் பார்க்கப் போகாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டிலேயே அடைத்து வைத்தால் அந்தப் பையன்கள் நொந்துபோவார்கள், எனக்குத் தெரியும். போங்கள். ஆனால் பஸ்ஸிலோ காரிலோ போங்கள், நண்பனின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு வேண்டாம். ஹெல்மெட்டும் பூட்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும், கையில் இருந்தால் மனசு கேட்காது. பவுச்சுக்குள் கை இருக்க வேண்டும், வெட்கப்பட ஒன்றும் இல்லை. வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், ஜம்ப் இறங்கும் இடத்திலும் நிற்காதீர்கள். கட்டுப்பாடு இழந்த வண்டி அங்கேதான் வரும், ஒரு கையைக் கட்டிக்கொண்டு உங்களால் தாவி ஒதுங்க முடியாது. சிகரெட்டை விடுங்கள், எலும்பு சேர்வதை அது தள்ளிப்போடும். முழங்கால் ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்தவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன்னால் ட்ராக் பற்றி என்னிடம் பேசவே வேண்டாம்.

நண்பர்களுக்கு: அவன் கெஞ்சுவான். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், சாவியைக் கொடுக்காதீர்கள். ஸ்டாப்வாட்சைக் கொடுங்கள். எந்த ரைடர் எங்கே பிரேக் பிடிக்கிறார், எந்தக் கோட்டில் வளைகிறார் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். ஓட்டும்போது கண்ணில் படாத எத்தனையோ விஷயம் கயிற்றுக்குப் பின்னால் நிற்கும்போது தெரியும்.

இவனுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். மறுபடி எப்போது ஓட்டலாம் என்று அவன் அம்மா எதிரிலேயே கேட்டான். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நான் சொல்கிறேன், அதுவரை உன் தோள் சொல்வதைக் கேட்காதே என்றேன். மற்றவர்களும் காட்ட வரும்போது பழைய ஃபிலிமை மறக்காமல் எடுத்து வாருங்கள். செல்போனில் எடுத்த போட்டோவை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.