குளத்துக்குள் திண்ணை கட்டும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டு நீச்சல் குளம் கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். கொஞ்ச காலமாக வருகிற அழைப்புகளில் அடிக்கடி கேட்பது இது: "குளத்தின் ஒரு ஓரத்தில் தண்ணீர் கொஞ்சமாக நிற்கிற மாதிரி மேடை வேணும், அண்ணே. நாற்காலி போட்டுச் சாய்ந்துகொள்ளலாம்." கடைக்காரர்கள் இதை டேனிங் லெட்ஜ் என்பார்கள், பாஹா ஷெல்ஃப் என்பார்கள். தண்ணீருக்குள் போட்ட திண்ணை என்றால் நம் ஆட்களுக்கு விளங்கிவிடும். இரண்டு மீட்டர் அகலம், 20 முதல் 25 சென்டிமீட்டர் தண்ணீர். முழங்கால் வலி உள்ள ஆயா கூட ஒரே படி இறங்கி, காலை நனைத்தபடி உட்காரலாம். நல்ல சமாச்சாரம்தான். அதைக் 'குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இடம்' என்று சொல்லி விற்பதுதான் எனக்கு ஒத்துவராதது.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தலைதான் கனம். குப்புற விழுந்தால் தானாக நிமிர்ந்து எழத் தெரியாது. மூக்கும் வாயும் மூழ்கினால் போதும், அதற்கு 20 சென்டிமீட்டர் கூட வேண்டாம். கத்தவும் கத்தாது. இதைவிட என்னைப் பயப்படுத்துவது பெரியவர்களின் மனநிலை. ஆழமான குளம் என்றால் ஒரு கண் பிள்ளை மேல் இருக்கும். கணுக்கால் தண்ணீர்தானே என்று நினைத்துவிட்டால் இறைச்சி சுடுகிற பிராய் அடுப்புப் பக்கம் திரும்பிவிடுகிறோம். பிள்ளை திண்ணையில் இருக்கும்போது, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஒருவர் தண்ணீரிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது திண்ணையின் விளிம்பு. 20 சென்டிமீட்டரில் நிற்கிற பிள்ளை ஓர் அடி எடுத்து வைத்தால் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம். திண்ணையும் தரையும் ஒரே வெள்ளை மார்பிலைட் (குளத்தின் உட்புறப் பூச்சு) என்றால், நண்பகல் வெயில் மின்னும்போது விளிம்பு எங்கே முடிகிறது என்று பெரியவர் கண்ணுக்கே தெரியாது. அதனால் விளிம்பு முழுக்கக் கருநீல டைல் ஒரு பட்டை ஒட்டச் சொல்வேன். வழுக்காத டைலாக இருக்கட்டும். நேர்ச் சுவராக இறக்காமல், குறைந்தது ஒரு பக்கமாவது படி வைத்து இறக்க வேண்டும். திண்ணை ஆழம் குறைந்த பக்கத்தில்தான் வர வேண்டும். ஆழமான பக்கத்தில் கட்டினால் பையன்கள் அதையே குதிக்கும் பலகை ஆக்கிவிடுவார்கள்.

சின்னக் குளத்துக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஆறு மீட்டர் நீளமுள்ள குளத்தில் திண்ணைக்கு இரண்டு மீட்டர் கொடுத்துவிட்டால் மிச்சத்தில் என்ன நீந்துவது? சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கத்துச் சின்ன முற்றங்களில் மேல்படியை மட்டும் அகலப்படுத்தினால் போதும், செலவும் குறையும்.

இருக்கிற குளத்தில் திண்ணை சேர்ப்பதென்றால் முதலில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பலர் யோசிக்காத இடம் இதுதான். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர், அதாவது 48 டன். அந்தக் கனம்தான் குளத்தை மண்ணுக்குள் அழுத்தி வைத்திருக்கிறது. மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலி செய்தால் ஃபைபர்கிளாஸ் தொட்டி அப்படியே மேலே கிளம்பிவிடும். காங்கிரீட் குளத்திலும் தரை விரிசல் விடலாம். வெளியேற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ரிசர்வாயர் ஹில்ஸ் மாதிரி மேட்டில் வீடு இருந்தால், அது கீழ்வீட்டுத் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் ஊறும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சரிவுகள் பெயர்ந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டும்போது பழைய மார்பிலைட்டைக் கொத்தி எடுத்து, சுவரில் துளை போட்டு, கம்பியை எபாக்ஸிப் பசை வைத்துப் பதித்துப் பிணைக்க வேண்டும். இடிந்த செங்கல்லைக் கொட்டி மேலே சிமெண்ட் பூசித் தருகிற ஆட்களும் உண்டு. உள்ளே நிரப்பியது அமர அமர மேல் பூச்சு வெடிக்கும். விலை குறைவாகச் சொன்னால் உள்ளே என்ன நிரப்புகிறீர்கள் என்று கேளுங்கள்.

கட்டிய பிறகு திண்ணைதான் முதலில் பச்சை பிடிக்கும். ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் சூடாகும். நிலைநிறுத்தி சேர்க்காத குளோரினை வெயில் சில மணி நேரத்தில் தின்றுவிடும். அந்த நிலைநிறுத்தியான சயனூரிக் அமிலத்தை 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு) அளவில் வைத்திருங்கள். வடிகட்டி வருகிற தண்ணீர்க் குழாய் ஒன்றைத் திண்ணை மேல் விழும்படி அமைத்தால் தண்ணீர் தேங்காது. கரையாத குளோரின் தூளைத் திண்ணையில் தூவாதீர்கள், மார்பிலைட் வெளுத்துப் போகும்.

1974இல் இந்த நாட்டிலேயே பிறந்த கிரீப்பி கிராலி என்கிற, குளத் தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் கருவியும் இங்கே உதவாது. உறிஞ்சும் கருவி ஆழமில்லாத இடத்துக்கு வந்தால் காற்றை இழுக்கும், பம்ப் தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடாகும். திண்ணைக்கு பிரஷ்தான், கையால்தான்.

வேலியைப் பற்றி: குளத்தைச் சுற்றிக் குறைந்தது 1.2 மீட்டர் உயரத்தில் வேலி, தானாக மூடித் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, 100 மில்லிமீட்டர் பந்து நுழையாத இடைவெளி. கட்டட விதிகளில் உள்ளது இது, திண்ணை கட்டியதால் தளராது. திண்ணைக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலியை வேலியோரம் போட்டு வைத்தால் பிள்ளை ஏறித் தாண்ட நீங்களே படி போட்டுக் கொடுத்த மாதிரி.

வேலைக்கு ஏற்ற காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மழை குறைவு, மண்ணும் காய்ந்திருக்கும். தீபாவளிக்கு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் முடித்துக் கொடுங்கள் என்று செப்டம்பர் கடைசியில் கூப்பிடுகிறவர்களிடம் முடியாது என்றே சொல்கிறேன். காங்கிரீட் முழு பலம் பெறவே நான்கு வாரம் ஆகும், அதற்குள் மழையும் தொடங்கிவிடும். பெயரை அடுத்த ஜூனுக்கு எழுதி வைத்துக்கொள்கிறேன்.