அமெரிக்காவில் இரண்டு வருட நர்சிங் படிப்பு: ஃபீஸைவிடக் காலத்தைக் கணக்குப் போடுங்கள்

கணவரின் எச்-1பி வேலையோடு அமெரிக்கா வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் "நர்சிங் படிக்கலாமா?" என்று யோசிக்கும் தமிழ்ப் பெண்கள் நிறைய. இரண்டு வருடப் பட்டம் தரும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் கட்டணத்தைப் பார்த்ததும் ஆசை இன்னும் கூடும். கலிபோர்னியாவில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். நர்சிங்கில் சேரும் முன் முடிக்க வேண்டிய முன்பாடங்களையும் சேர்த்து 70 யூனிட் என்று வைத்தால் மொத்தம் 3,220 டாலர். மத்திய அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாதத்துக்குச் சொல்லும் ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற நர்ஸின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர். ஆசை நியாயமானதுதான். ஆனால் இந்த இரண்டு தொகைக்கும் நடுவே மூன்று நான்கு வருடங்கள் இருக்கின்றன. பலருடைய கணக்கில் விடுபடுவது அதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் விசா. எச்-1பிகாரரின் துணைக்குத் தரப்படும் எச்-4ல் இருந்துகொண்டே படிக்கலாம். மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறத் தேவையில்லை. மாறினால் பெரும்பாலும் மாநிலவாசிக் கட்டணம் கிடைக்காமல் போய், ஃபீஸ் பல மடங்காகும். ஆனால் எச்-4ல் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டாலும், வேலை அனுமதி தரும் ஈ.ஏ.டி. அட்டை இல்லாமல் ஒரு நாள்கூட சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. அந்த அட்டைக்குக் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அங்கீகாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவருடைய எச்-1பி ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். "ஆஸ்பத்திரியே எனக்கு எச்-1பி போட்டுத் தரும்" என்று நம்பிச் சேராதீர்கள். எச்-1பி கேட்கும் வேலைக்கு இளநிலைப் பட்டம் கட்டாயமாக இருக்க வேண்டும். வார்டு நர்ஸ் வேலைக்கு ஏ.டி.என். என்ற இரண்டு வருடப் பட்டமே போதும் என்பதால் அந்த மனு பெரும்பாலும் நிற்காது. ஐ-140 எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணவரின் கம்பெனி வக்கீலிடம் கேட்டுவிட்டு, அந்தத் தேதியை வைத்துப் படிப்பைத் திட்டமிடுங்கள்.

இந்தப் படிப்பு மட்டம் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம். மில்ட்ரெட் மாண்டாக் என்ற நர்சிங் பேராசிரியை தன் முனைவர் ஆய்வில் முன்வைத்த இந்த இரண்டு வருடப் படிப்பு யோசனை, 1952ல் சோதனைத் திட்டமாகக் கம்யூனிட்டி காலேஜ்களுக்கு வந்தது. இரண்டு வருட ஏ.டி.என். படித்தவரும் நான்கு வருட இளநிலைப் பட்டமான பி.எஸ்.என். படித்தவரும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் லைசென்ஸ் தேர்வு, வாங்குவது ஒரே ஆர்.என். லைசென்ஸ். தேர்வுக் கட்டணம் 200 டாலர். 85 முதல் 150 கேள்விகள், அதிகபட்சம் ஐந்து மணி நேரம்.

இனி வருமானம். ஆஸ்பத்திரி நர்ஸுக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். புதிதாகச் சேருபவருக்கு மணிக்கு 38 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் இது நிறைய மாறும். வாரம் மூன்று நாள், நாளுக்கு 12 மணி என்றால் 36 மணி நேரம். வருடத்துக்கு 1,872 மணி, 71,136 டாலர். இதை அப்படியே வீட்டு வரவாக எழுதிவிடக் கூடாது. கணவர் 1,30,000 டாலர் சம்பாதிப்பவர், வரி சேர்த்துத் தாக்கல் செய்கிறீர்கள் என்றால், 2025ம் வருட வரிப் படிகளின்படி உங்கள் முதல் டாலரே 22 சதவீதப் படியில் விழுகிறது. அது 15,650. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் இரண்டுக்கும் 7.65 சதவீதம், அது 5,442. மிச்சம் ஏறக்குறைய 50,000. டெக்சாஸ் மாதிரி மாநில வருமான வரி இல்லாத இடத்தில் இவ்வளவுதான் பிடித்தம். மற்ற இடங்களில் இன்னும் குறையும். காலை ஏழு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்த நேரத்தில் யார் என்பதற்கும் ஒரு விலை உண்டு. இரவு ஷிப்டுக்கு மணிக்குச் சில டாலர் கூடுதல் கிடைக்கும். புதியவர்களுக்கு முதலில் வருவதும் பெரும்பாலும் இரவு ஷிப்டுதான்.

அந்த 50,000 டாலரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் வீட்டுக்கு வராமல் போகும் தொகை அது. மொத்த ஃபீஸைப் போல பதினைந்து மடங்கு.

தள்ளிப்போவது எங்கே? முதலில் முன்பாடங்களில். அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் லேபோடு முடித்தபிறகே நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியும். பல காலேஜ்களில் ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர அனுமதி என்பதால் இதற்கே மூன்று செமஸ்டர் ஆகிவிடும். இந்தியாவில் எடுத்த பட்டத்தை மதிப்பீடு செய்து கொடுத்தால் பல காலேஜ்கள் பொதுப் பாடங்களை விட்டுக்கொடுக்கும். அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் ஏற்காத காலேஜ்கள் நிறைய. மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் நர்சிங் துறை ஆலோசகரிடம் இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாய்ச்சொல்லை நம்பி ஒரு செமஸ்டரை இழப்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது காத்திருப்புப் பட்டியல். சில இடங்களில் குலுக்கல், சில இடங்களில் மதிப்பெண்ணும் டீஸ் நுழைவுத் தேர்வும். மதிப்பெண் பார்க்கும் காலேஜில் மைக்ரோபயாலஜியில் வாங்கும் ஒரு "பி" உங்களை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடலாம். அதனால் முன்பாடங்களை ஒரே செமஸ்டரில் திணித்துப் படிக்காதீர்கள்.

உள்ளே வந்தபிறகு, நர்சிங் பாடங்களில் பாஸ் மார்க் பெரும்பாலும் 75 அல்லது அதற்கு மேல். வீட்டுப்பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கி, தேர்வில் 73 என்றால் ஃபெயில் என்று விதி வைத்திருக்கும் காலேஜ்கள் உண்டு. அந்தப் பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும் என்றால் ஒரு வருடம் போய்விட்டது. இரண்டாவது தடவையும் தவறினால் பல இடங்களில் வெளியேற்றமே. படிக்கும்போதே முழு நேர வேலையும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நம்மவர்கள் தடுக்கிவிழும் இன்னொரு இடம் மருத்துவப் பரிசோதனை. ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சியான கிளினிக்கல் தொடங்கும் முன் டிபி சோதனை கேட்பார்கள். பிறந்ததும் பிசிஜி தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, நோய் இல்லாமலே பாசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று வாரங்கள் ஓடும். ஆரம்பத்திலேயே குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிசிஜி அதைப் பாதிக்காது. ஹெபடைடிஸ் பி மூன்று டோஸ் போட்டுக்கொள்ள வேண்டி வந்தால் ஆறு மாதம் ஆகும். அட்மிஷன் கடிதத்துக்குக் காத்திராமல் முன்பாடங்கள் படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

கிரீன் கார்டு இருந்தால் மத்திய அரசின் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். பெல் கிராண்ட் 2025-26க்கு அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பித் தர வேண்டாம். ஆனால் ஏற்கெனவே ஒரு இளநிலைப் பட்டம் இருப்பவருக்கு அது கிடையாது. இந்தியாவில் வாங்கிய பட்டமும் இதில் அடங்கும். பி.இ., பி.எஸ்சி. முடித்தவர்கள் இந்தத் தொகையை நம்பித் திட்டம் போட்டுவிட்டு, கடைசியில் பட்டத்தை மறைக்கலாமா என்று யோசிப்பது உண்டு. செய்யாதீர்கள். பணத்தோடு கிரீன் கார்டும் சிக்கலாகும். எச்-4ல் இருப்பவருக்கு மத்திய அரசின் இந்த உதவிகள் எதுவும் இல்லை.

காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தனியார் காலேஜுக்குப் போகலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே 60,000 டாலர் அதிகம் கேட்டு ஒரு வருடம் மிச்சமாகிறது என்றால், காத்திருப்பதே லாபம். இரண்டு வருடம் மிச்சம் என்றால் தனியார் பக்கம் கணக்கு சாயலாம், அதுவும் அந்தக் காலேஜின் என்க்ளெக்ஸ் தேர்ச்சி நன்றாக இருந்தால் மட்டும். மாநில நர்சிங் வாரியத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு காலேஜின் தேர்ச்சி விகிதமும் இருக்கும். கலிபோர்னியாவில் முதல் முயற்சித் தேர்ச்சி 75 சதவீதத்துக்குக் கீழே போனால் வாரியம் நடவடிக்கை எடுக்கும். கிளினிக்கலே இல்லாமல் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களை அண்டவே கூடாது. 2023 ஜனவரியில் "ஆபரேஷன் நைட்டிங்கேல்" என்ற பெயரில் நடந்த நடவடிக்கையில், ஃபுளோரிடாவின் மூன்று காலேஜ்கள் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றது வெளிவந்தது. வாங்கியவர்களில் பலர் லைசென்ஸை இழந்தார்கள்.

லைசென்ஸ் வந்தபிறகும் பெரிய ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரிகள் புதியவர்களில் பி.எஸ்.என். இருப்பவர்களையே முதலில் எடுக்கும். ஏ.டி.என். முடித்தவர் முதியோர் பராமரிப்பு நிலையத்திலோ டயாலிசிஸ் சென்டரிலோ ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு உள்ளே நுழைவது வழக்கமான பாதை. நியூயார்க்கில் 2017 டிசம்பரில் வந்த சட்டம், லைசென்ஸ் வாங்கிய பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்கச் சொல்கிறது. அதற்குச் சொந்தப் பணத்தைப் போட அவசரப்பட வேண்டாம். வேலை தரும் நிறுவனம் வருடத்துக்கு 5,250 டாலர் வரை படிப்புச் செலவைக் கொடுத்தால் அதற்கு வருமான வரி கிடையாது. பல ஆஸ்பத்திரிகள் கொடுக்கின்றன. பதிலுக்கு எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்.

காலேஜின் அறிமுகக் கூட்டத்தில் தேர்ச்சி விகிதத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். அது கடைசிவரை வந்து தேர்வு எழுதியவர்களின் கணக்கு. எழுந்து இதைக் கேளுங்கள்: "முதல் செமஸ்டரில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள்?" பதிலைக் கேட்டபின், பாதி வழியில் நின்றவர்கள் எந்தப் பாடத்தில் நின்றார்கள் என்பதையும் கேளுங்கள்.