சித்ரகம்

பாங்காக்கின் மரகத புத்தர் கோயிலான வாட் பிரா கேவில், சுற்றுப்பிராகாரச் சுவர் நெடுகிலும் ராமகியன் கதை ஓடுகிறது. ராமாயணத்தின் தாய்லாந்து வடிவம்தான் ராமகியன். மொத்தம் 178 பகுதிகள். இவ்வகை ஓவியத்துக்குத் தாய் மொழியில் பெயர் ‘சித்ரகம் ஃபா பனாங்’. ஃபா பனாங் என்றால் சுவர். முதற்சொல்லில்தான் நமக்கு ஒரு பொறி இருக்கிறது.

நூலகம், பதிப்பகம் என்று பழகிய காதுக்குச் ‘சித்ரகம்’ என்பது சித்திரம் + அகம், அதாவது ஓவியக்கூடம் என்றே கேட்கும். அது பிழை. தாய் எழுத்தில் இச்சொல் ‘சித்ர-கர்ம’ என்றுதான் இருக்கிறது. வடசொல்லை எழுத்தில் அப்படியே காப்பாற்றிவிட்டு, உச்சரிக்கும்போது பாதியை விழுங்கிவிடுவது தாய் மொழியின் வழக்கம். கர்மம் அங்கே ‘கம்’ ஆகிவிடும். எனவே சித்ரகம் என்பது சித்திரத் தொழில். அதைச் செய்பவர் ‘சித்ரகோன்’. இவர் கோனார் அல்லர், சித்ரகரர். இறுதி ‘ர்’ தாய் நாவில் ‘ன்’ ஆகிவிட்டது. துணியில் வரைந்த புத்தர் படத்தைப் ‘பிரா போட்’ என்பார்கள். இதிலுள்ள ‘போட்’, துணியைக் குறிக்கும் ‘பட’ என்ற பாலிச் சொல். நம்முடைய ‘படம்’ என்ற சொல்லுக்கும் துணி, சீலை என்ற பொருள் உண்டு.

இவையெல்லாம் ஏட்டு வழக்குகள். சுவரில் ஏறி நின்று வேலை செய்தவரின் பெயர் ‘சாங் கியன்’. சாங் என்றால் கைவினைஞர். ‘கியன்’ என்ற வினைக்கு எழுதுதல், வரைதல் என்று இரண்டு பொருளும் உண்டு. தமிழருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. “எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்” என்ற குறளில் தலைவி கடிதம் எழுதவில்லை, கண்ணுக்கு மை தீட்டுகிறாள். ஓவியம் எழுதுதல் என்பது நம் பழைய வழக்கு. ஆகவே சாங் கியனுக்கு ‘ஓவியம் எழுதுவோர்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தோன்றவில்லை.

அரண்மனைக் கைவினைஞர் அமைப்புக்குச் ‘சாங் சிப் மு’ என்று பெயர். தாய் மொழியில் ‘சிப்’ என்றால் பத்து. ஆகவே பத்துக் குழுவினர் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் பத்துக்கு மேலேயே தொழில்கள் வருகின்றன. அதனால், இந்தச் ‘சிப்’ பத்து அன்று, ‘சிப்ப’ என்ற பாலிச் சொல்லின் சுருக்கம் என்று கொள்வாரும் உண்டு. வடமொழிச் சில்பம்தான் பாலியில் சிப்ப. எனக்கு இரண்டாவது விளக்கமே பிடித்திருக்கிறது.

1767இல் பர்மியர் படை பழைய தலைநகரான அயுத்தயாவை எரித்தது. 1782இல் பாங்காக்கைத் தலைநகராக்கிய மன்னர் முதலாம் ராமா, கோயில் கட்டியதையும் சுவரில் கதை எழுதுவித்ததையும் அழிந்த அரசை மீட்டெடுக்கும் பணியாகவே கருதினார். ராமகியனைச் செய்யுளாக இயற்றுவித்தவரும் அவர்தான். வாட் பிரா கேவின் ஓவியங்கள் பின்னர் பலமுறை புதுப்பிக்கப்பட்டன. நகரத்தின் 100, 150, 200ஆம் ஆண்டு விழாக்களை ஒட்டியும் அப்பணி நடந்தது. இன்று நாம் காண்பது முதலாம் ராமா காலத்துக் கைவண்ணம் அன்று.

மூன்றாம் ராமா காலத்தில் (1824–1851) தொன்புரியிலுள்ள வாட் சுவன்னாராமில் இருவர் போட்டி போட்டுக்கொண்டு வரைந்தார்கள். குரூ தோங் யூ நேமி ஜாதகத்தையும், குரூ கோங் பே மகோசத ஜாதகத்தையும் எழுதினார்கள். ஜாதகம் என்பது இங்கே புத்தரின் முற்பிறவிக் கதை. குரூ என்பது நம் குருதான். தோங் யூவின் அரசவைப் பட்டம் ‘லுவாங் விசித் செட்சதா’. இந்த ‘விசித்’, விசித்திரம். நமக்கு விசித்திரம் என்றால் விநோதம். தாய் மொழியில் அது நுண்ணழகு. நுண்கலைக்கே அங்கே ‘விசித் சின்’ என்றுதான் பெயர். அடுத்து வந்த மோங்குட் மன்னர் காலத்தில், குருவா இன் கோங் என்ற பிக்கு மேலை நாட்டு மாளிகைகளையும் கப்பல்களையும் தொலைவில் உள்ளதைச் சிறிதாகக் காட்டும் தூரக்காட்சி முறையில் கோயில் சுவரில் கொண்டுவந்தார். அவர் மேலை நாட்டை நேரில் கண்டவர் அல்லர்.

வேலை முறையைச் சொல்லாமல் சொல்லை மட்டும் விளக்கினால் பாதிக் கிணறுதான். இது ஈரச் சாந்தில் வரைவதன்று, காய்ந்த சுவரில் எழுதுவது. சுண்ணாம்பின் காரம் நிறத்தைத் தின்றுவிடும் என்பதால், மஞ்சள் கொன்றை இனத்து மரமொன்றின் இலைச்சாற்றால் சுவரைப் பலமுறை கழுவுவார்கள். பிறகு மஞ்சள் கிழங்கைச் சுவரில் தேய்த்துப் பார்ப்பார்கள். சிவந்தால் காரம் இன்னும் போகவில்லை, மறுபடி கழுவ வேண்டும். அதன்மேல் வெண்களிமண்ணைப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்துப் பூசுவார்கள். நிறத்தைக் குழைக்க விளாம்பிசின், பொன் தகடு ஒட்ட அத்திப்பால், இலைக்கொத்து வரையத் தாழை வேரை நசுக்கிய தூரிகை. நம் ஊர்த் தோப்பில் இல்லாத பொருள் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

இனி, தமிழில் என்ன சொல்வது? ‘சித்திரம்’ ஒலியில் நெருங்கிவருகிறது. ஆனால் தனிப் படத்தையும் அது குறிக்கும். ‘சுவரெழுத்து’ அழகான சொல், ஆனால் தேர்தல் கட்சிகள் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. சித்ரகம் ஃபா பனாங்குக்குச் ‘சுவரோவியம்’ என்பதே சரி. ஜாதகம், ராமகியன் போன்ற கதைகளை எழுதியவற்றைக் ‘கதைச் சுவரோவியம்’ எனலாம். ஒரு காட்சியை அடுத்த காட்சியிலிருந்து பிரிக்கும் கோணல்மாணலான பட்டைக்குச் ‘சின் தாவ்’ என்று பெயர். அதைக் ‘காட்சி வரம்பு’ என்றால் விளங்கும்.

‘பாப் காக்’ என்ற சொல்தான் மொழிபெயர்ப்பவரைச் சோதிக்கிறது. பாப் என்றால் படம். காக் என்றால் சக்கை, கசடு. அரசரும் தேவரும் முகத்தில் உணர்ச்சி காட்டாமல், நாட்டிய முத்திரையால் மட்டும் அழுவார்கள், சினப்பார்கள். ஓவியருக்கு அங்கே விதியை மீற இடமில்லை. அரண்மனை மதிலுக்கு வெளியே, ஓரங்களில், குடிப்பவரும் சண்டையிடுபவரும் காதல் செய்பவருமாக எளிய மக்கள் நிற்பார்கள். அவர்கள்தான் பாப் காக். ‘எளியோர் படம்’ என்று நாகரிகமாக்கிவிடலாம்தான். நான் ‘சக்கைப் படம்’ என்றே எழுதுவேன். அந்தப் பெயரிலுள்ள இளக்காரத்தையும் வாசகர் கேட்கட்டும்.