பச்சைச் சளியும் பழைய மருந்து பாட்டிலும்

மழைக்காலம் வந்துவிட்டால் என் கிளினிக்கில் பாதிக் கூட்டம் மூக்கொழுகும் பிள்ளைகள்தான். போன வாரம் ஓர் அம்மா நான்கு வயது மகனைக் கூட்டி வந்தார். கைக்குட்டையை விரித்துக் காட்டினார். கெட்டியாக, பச்சை நிறத்தில் சளி. பையிலிருந்து, மூடி பிசுபிசுத்துப்போன ஒரு பாட்டிலையும் எடுத்து வைத்தார். இரண்டு மாதம் முன்பு வாங்கிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்.

“மூணு நாளா சளி, டாக்டரம்மா. இன்னிக்குப் பச்சையாயிடுச்சு. மிச்சம் இருந்ததுல ரெண்டு வேளை கொடுத்தேன். புதுசா ஒண்ணு எழுதிக் கொடுங்க.”

அவர்மேல் தப்பில்லை. சளி பச்சையானால் ஆன்டிபயாடிக் என்று எங்களைப் போன்ற மருத்துவர்கள்தான் பழக்கிவிட்டோம்.

சரி, அந்த மூக்குக்குள் என்ன நடக்கிறது? ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோவைரஸ். 160 வகைக்கு மேல் உண்டு. அதனால்தான் ஒரு தடவை வந்து போனவர்களுக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. மூக்கின் உள்பக்கம் சுமார் 33 டிகிரி செல்சியஸ்தான், உடம்பின் 37 டிகிரியைவிடக் குறைவு. அந்தக் குளுமைதான் இந்த வைரஸுக்குத் தோது. 1960-ல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் டேவிட் டைரல் என்ற வைரஸ் ஆய்வாளரின் குழு இதை ஆய்வுக்கூடத்தில் நன்றாக வளர்க்க முடிந்ததற்கு, வெப்பத்தை 33 டிகிரிக்கு இறக்கியது ஒரு முக்கியக் காரணம்.

மூக்குச் செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு வைரஸ் உள்ளே நுழைகிறது. புரதம் செய்யும் கட்டளைகள் அடங்கிய தன் ஆர்.என்.ஏ.வை அங்கே இறக்குகிறது. புரதம் செய்வதற்கென்று செல்லில் இருக்கும் ரைபோசோம்கள், யார் கட்டளை என்று பார்க்காமல் வைரஸின் புரதங்களைச் செய்து தள்ளுகின்றன. எட்டு, பத்து மணி நேரத்தில் புது வைரஸ்கள் வெளியே வந்து பக்கத்துச் செல்களுக்குப் போகின்றன. காலையில் தொற்றினால் ராத்திரிக்குள் முதல் ஈடு தயார். பெரும்பாலும் தும்மல் அதற்கப்புறம்தான்.

அமாக்சிசிலின் செய்வது பாக்டீரியாவின் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பது. வைரஸுக்கு அப்படிச் சுவரே கிடையாது. மருந்து போய் வயிற்றிலுள்ள நல்ல பாக்டீரியாக்களைத்தான் அழிக்கும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரலாம்.

பச்சை நிறம் நம்முடையது. தொற்றிய இடத்துக்குத் திரண்டு வரும் வெள்ளை அணுக்களில் பச்சை நிற நொதி ஒன்று இருக்கிறது. அணுக்கள் குவியக் குவியச் சளியும் பச்சையாகிறது.

பையனின் காதையும் நெஞ்சையும் பார்த்தேன், சுத்தமாக இருந்தன. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு போதும் என்றேன். கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்காரவைத்து ஆவி பிடிக்க வேண்டாம் என்றேன். வெந்நீர் கொட்டி வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது, அந்த பாட்டிலைத் தூக்கிப்போடச் சொன்னேன். பத்து நாளாகியும் குறையாவிட்டாலோ, குறைந்த சளி காய்ச்சலோடு திரும்பினாலோ, காது வலித்தாலோ உடனே வரவேண்டும். அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படலாம்.

எழுந்தவர் திரும்பி, “வீட்ல நாலு மாசப் பாப்பா இருக்கு” என்றார். மறுபடி உட்காரச் சொன்னேன். ரைனோவைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காது. பாப்பாவைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அண்ணன் முத்தம் கொடுப்பது ஒரு வாரம் போகட்டும். பாப்பா பால் குடிக்கத் திணறினாலோ, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றேன்.